பலகைத் தரையும் வாளித் தண்ணீரும்

வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பதில் நம் தோட்டத்துத் தாய்மார்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். லயங்களில் வாழ்ந்த காலத்தில், விடியற்காலைப் பிரட்டுக்குப் புறப்படுமுன் அஞ்சடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலமிட்டுவிட்டுத்தான் அவர்கள் பால் வெட்டப் போனார்கள். வியாழக்கிழமை மாலை வந்துவிட்டால் பாயும் பெட்டியும் நாற்காலியும் வெளியே வரும். வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவி, அழுக்கு நீரை வாசற்படி வழியாக வெளியே தள்ளிவிடுவார்கள். சில வீடுகளில் அதன்மேல் சிவப்பு மெழுகைப் பூசித் தேங்காய் மட்டையால் தேய்ப்பதும் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேளையில் தரை கண்ணாடிபோல் இருக்கும்.

இப்பழக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் இன்று இதே பழக்கம் பல புதிய வீடுகளில் பெரும் நட்டத்தை உண்டாக்கி வருகின்றது. தரை மாறிவிட்டது, அதைக் கழுவும் முறை மாறவில்லை. இதுவே காரணம்.

பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங், பீடோர் போன்ற வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அருகிலுள்ள தாமான்களில் வீடு வாங்கிக் குடியேறியுள்ளன. தோட்டத்தில் வேலையைத் தொடர்பவர்களிலும் ஓய்வுக்காலத்தை நினைத்து வெளியே வீடு வாங்கியவர்கள் உண்டு. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணமும் பிள்ளைகளின் சம்பாத்தியமும் அவ்வீடுகளில் கலந்திருக்கின்றன. வீடு கைக்கு வந்தவுடன் பிள்ளைகள் செய்யும் முதல் அலங்காரங்களுள் ஒன்று, கூடத்திலும் படுக்கையறையிலும் லேமினேட் எனப்படும் பலகைத் தரையைப் பதிப்பதாகும். பார்வைக்கு அது தேக்குப் பலகைபோல் இருக்கும். விலையோ தேக்கின் விலையில் சிறு பங்கே.

சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தாமானில் நான் கண்டதை இங்குச் சொல்வது பொருத்தமாகும். ஒரு குடும்பத்தில் மகன் அத்தகைய தரையைப் பதித்துப் புதுமனை புகுவிழாவும் நடத்தினார். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். குடியேறிய முதல் வாரமே, “துடைத்தால் மட்டும் தரை சுத்தமாகிவிடுமா?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் வியாழக்கிழமை மாலை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். மருமகள் தயக்கத்துடன், “அத்தை, இந்தத் தரையில் தண்ணீர் ஊற்றக் கூடாதாம்” என்று சொல்லிப் பார்த்தார். தண்ணீர் படாத தரையில் எப்படி விளக்கேற்றுவது என்பது மாமியாரின் கேள்வி. இரண்டு மாதங்களுக்குள் பலகைகளின் ஓரங்கள் தடித்து மேலே எழும்பின. படுக்கையறைக் கதவு தரையில் உராய்ந்து நின்றுவிட்டது. பதித்துக் கொடுத்தவரை அழைத்தபோது, தண்ணீரால் நேர்ந்த சேதத்திற்கு உத்தரவாதம் கிடையாது என்று கூறிச் சென்றுவிட்டார். பணம் போனது ஒருபுறம். அன்று முதல் அந்த அம்மையார் அவ்வீட்டில் துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கே கூசினார் என்பதுதான் எனக்கு அதிக வருத்தத்தை அளித்தது.

அவர் அறியாமல் செய்த பிழை அது. அவருக்கு அத்தரை இன்னதென்று எவரும் விளக்கிச் சொல்லவில்லை. அவ்விளக்கத்தை முதலில் பார்ப்போம்.

பலகைக்குள் என்ன இருக்கின்றது?

லேமினேட் தரை முழு மரப்பலகை அன்று. அது நான்கு அடுக்குகளை ஒன்றாக வைத்து அழுத்திச் செய்யப்படுவது. அடியில் பலகை வளையாமல் தடுக்கும் ஒரு தாள் அடுக்கு. அதன்மேல் உடற்பகுதி, இதுவே பலகையின் கனத்தில் பெரும்பங்கு. அதற்கு மேல் மரத்தின் வரிகளை அச்சிட்ட ஒரு தாள். நாம் தேக்கு என்றும் வால்நட் என்றும் எண்ணி மகிழ்வது இந்த அச்சுத் தாளைத்தான்! எல்லாவற்றிற்கும் மேலே மெலமின் பிசினால் ஆன, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் காப்புப் படலம். தேய்மானத்தைத் தாங்குவதற்காக இப்படலத்தில் அலுமினியம் ஆக்சைடு என்னும் மிகக் கடினமான பொருளைப் பொடியாகக் கலந்திருப்பார்கள். பலகையின் மொத்தக் கனம் பெரும்பாலும் 8 அல்லது 12 மில்லிமீட்டர்.

இவ்வகைத் தரையை 1977ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் என்னும் நிறுவனம் உருவாக்கியது. பெர்கோ என்ற பெயரில் 1984இல் ஐரோப்பாவிலும், 1994இல் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. ஆணியும் பசையும் இல்லாமல் ஒரு பலகையின் நாக்கை அடுத்த பலகையின் பள்ளத்தில் பொருத்தும் பூட்டுமுறை பின்னர் வந்ததே. அதன் பயனாக இன்று ஒரு கூடத்தை ஒரே நாளில் பதித்து முடிக்க இயலுகின்றது.

நடுவில் உள்ள உடற்பகுதியே நமக்கு முக்கியம். மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, நீராவியில் வேகவைத்து, பஞ்சுபோன்ற இழைகளாக அரைத்து, பிசின் கலந்து, வெப்பத்தில் அழுத்தினால் கிடைப்பது இழைப்பலகை. மலேசியாவில் செய்யப்படும் இழைப்பலகைகளுக்குப் பெரும்பாலும் மூலப்பொருளாவது எந்த மரம் தெரியுமா? நாம் காலமெல்லாம் பால் வெட்டிய அதே ரப்பர் மரந்தான்.

இங்குச் சற்று விலகிப் பேரக்கதை ஒன்றைச் சொல்லலாம். 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தில் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அத்தலைமுறையைச் சேர்ந்த ஒரு முதுமரம் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கின்றது. அவ்வழியே செல்வோர் கண்டு செல்லலாம். கோலகங்சாரில் கன்று ஊன்றப்பட்ட ஆண்டிற்கும் சுவீடனில் லேமினேட் தரை பிறந்த ஆண்டிற்கும் இடையே சரியாக நூறு ஆண்டுகள் என்பது ஒரு விந்தையான ஒற்றுமை.

ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படுகின்றது என்பது வாசகர்கள் அறிந்ததே. முற்காலத்தில் வெட்டிய மரம் பெரிதும் விறகாகவே போயிற்று. புகைக்கூடத்தில் ரப்பர்த் தாள்களை உலர்த்துவதற்கு அதை எரித்ததைப் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும். ஆகையால் தச்சர்கள் அதைத் தொடவில்லை. மரத்தை உடனுக்குடன் அறுத்து, போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறைகள் பரவிய பின்னரே, 1980ஆம் ஆண்டுகளில், அது நாற்காலியாகவும் மேசையாகவும் உலகச் சந்தைக்குச் சென்றது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. நாற்காலிக்கு உதவாத கிளைகளும் சிறு கட்டைகளும் இழைப்பலகை ஆலைக்குச் செல்கின்றன.

ஆகவே, தாமான் வீட்டில் நம் காலடியில் கிடக்கும் பலகையின் நெஞ்சில் இருப்பது ஒருவேளை நாமோ நம் பெற்றோரோ வெட்டிய மரமாகவே இருக்கலாம். அது இப்பொழுது மரமாக இல்லை. அழுத்தி வைத்த இழையாக இருக்கின்றது. இழை தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். உறிஞ்சினால் உப்பும். மேலே உள்ள படலம் தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மையே. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓர் இணைப்பு உண்டு. தேங்கி நிற்கும் தண்ணீர் அவ்விணைப்பின் வழியே இறங்கிவிடும். மேலே படலமும் கீழே தாளும் அடைத்திருப்பதால், உள்ளே இறங்கியது எளிதில் உலர்ந்து வெளியேறாது. உப்பிய இழையோ உலர்ந்த பின்னும் பழைய கனத்திற்குத் திரும்புவதில்லை.

இதைச் சொல்லால் விளக்குவதைவிடக் கண்ணால் காட்டுவது எளிது. தரை பதித்த வீட்டில் மீந்த துண்டு ஏதேனும் இருக்கும். அதை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பாதியளவு மூழ்கும்படி நிறுத்தி, ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் எடுத்து, நனைந்த ஓரத்தையும் நனையாத ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் வாளியைப் பற்றி எவரும் வாதிட மாட்டார்கள்.

துடைத்தால் போதுமா?

அம்மையார் கேட்ட கேள்விக்கு விடை கூற வேண்டும். அது நியாயமான கேள்வியே.

சிமெண்டுத் தரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உள்ளன. எண்ணெயும் அழுக்கும் அத்துளைகளுக்குள் இறங்கிவிடும். அவற்றை வெளியே கொணரத் தண்ணீரை ஊற்றித் தேய்க்கத்தான் வேண்டும். லேமினேட்டின் மேற்படலத்தில் துளைகள் இல்லை. அழுக்கு மேலேயே கிடக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே வந்துவிடும். எனவே இத்தரையில் துடைப்பது சோம்பலன்று, முழுமையான தூய்மையே. மெழுகு பூச வேண்டிய தேவையும் இல்லை. மெழுகு உள்ளே இறங்க வழியின்றி மேலே பிசுபிசுத்து நின்று, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயதானவர்களை வழுக்கியும் விடும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது உலர்ந்த நிலையில் கூட்டுவது மட்டுமே. இதற்குப் பூந்துடைப்பமே ஏற்றது. ஈர்க்குமாற்றை வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மண்துகளை வாசலிலேயே தடுப்பது அதைவிட முக்கியம். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் தாமான்கள் பல பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்தவை. சுரங்கம் கழித்துப் போட்ட மணல் அங்கு எங்கும் பரவிக் கிடக்கின்றது. அம்மணலில் மிகுந்திருப்பது பளிங்கு மணற்கல். கத்தியின் இரும்பைக்கூடக் கீறக்கூடியது. காப்புப் படலத்தில் உள்ள அலுமினியம் ஆக்சைடு அதனினும் கடினமானதுதான். எனினும் அத்துகள்களைப் பிடித்து நிற்கும் பிசின் அவ்வளவு உறுதியானதன்று. காலணியின் அடியில் ஒட்டிய மணல், நடக்க நடக்க அப்பிசினைத் தேய்த்துப் பளபளப்பை மங்கச் செய்யும். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு மிதியடி, காலணியை அஞ்சடியில் கழற்றும் நம் பழைய வழக்கம் ஆகிய மூன்றும் எந்தத் திரவத்தையும்விடத் தரைக்கு நன்மை செய்யும்.

வாரத்திற்கு ஒருமுறை ஈரத்தால் துடைக்கலாம். அது வெள்ளிக்கிழமைக்கு முந்திய மாலையாகவே இருக்கட்டும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. முதலில் நன்றாகக் கூட்டிவிட வேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் துடைக்கும் தண்ணீர், மற்றொன்று துணியை அலசுவதற்கு. மாப்பைக் காட்டிலும் பழைய பருத்திச் சாரத் துண்டோ மெல்லிழைத் துணியோ நல்லது. கையால் பிழிய இயலும். துணியை எவ்வளவு பிழிய வேண்டும்? தூக்கிப் பிடித்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. துடைத்த இடம் ஒரு நிமிடத்திற்குள் உலர்ந்துவிட வேண்டும். உலராவிட்டால் துணியில் ஈரம் மிகுதி என்று பொருள். இன்னும் ஒருமுறை பிழிய வேண்டும். பலகை ஓடும் திசையிலேயே துடைப்பது இணைப்புகளில் நீர் தங்காமல் காக்கும். சமையல் எண்ணெய்ப் பசை இருந்தால் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில துளிகள் மட்டும் கலக்கலாம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் மறுமுறை துடைக்காவிட்டால், சோப்பு படிந்து தரை மங்கித் தோன்றும். தரை மங்கிவிட்டதே என்று மேலும் சோப்பைக் கூட்டுவோர் பலர்; அதனால் அது மேலும் மங்குமேயன்றித் தெளியாது.

நீராவியைப் பீய்ச்சித் துடைக்கும் மின்கருவிகள் இப்பொழுது கடைகளில் விற்கப்படுகின்றன. லேமினேட் தரைக்கு அவை ஆகா. தண்ணீர் நுழைய முடியாத சந்தில் நீராவி நுழைந்துவிடும்.

கறைகள்

பால் வெட்டுவோர் வீட்டில் முதலில் வரும் கறை ரப்பர்ப் பால்தான். உடையிலும் காலணியிலும் ஒட்டி வரும் பால் தரையில் விழுந்து உறைந்துவிடும். பச்சையாக இருக்கும்போதே ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் தொல்லையில்லை. உறைந்துவிட்டதா? அதுவும் நமக்குப் பழக்கமான வேலையே. மங்கில் ஒட்டிய பாலை உரித்தெடுப்பதுபோல் விரலால் உருட்டி உரிக்கலாம். உரிய மறுத்தால், பனிக்கட்டித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையிலிட்டு அதன்மேல் சில நிமிடம் வைத்து, இறுகியபின் பழைய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுக்கலாம். மெழுகுவத்தி மெழுகிற்கும் பபிள்காமிற்கும் இதே முறைதான். கத்தியைத் தொட வேண்டாம். பெட்ரோலும் தின்னரும் வீட்டிற்குள் வரவே வேண்டாம்; அவற்றின் ஆவி விளக்குத் தீயை எட்டிப் பிடிக்கும்.

மஞ்சள் கறை நம் வீடுகளுக்கே உரியது. சிந்தியவுடன் துடைத்தால் படலத்தின்மேல் தங்காது. இணைப்பில் மஞ்சள் கோடாகத் தங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் மங்கும் இயல்புடையது. சன்னலைத் திறந்து வெளிச்சம் படவிட்டால் நாளடைவில் போய்விடும். குங்குமம் அப்படியன்று. முதலில் உலர்ந்த துணியாலோ மெல்லிய தூரிகையாலோ தூளை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை முதலில் தொட்டால் தூள் கரைந்து பரவும். பேனா மை, நகப்பூச்சு போன்றவற்றிற்கு நகப்பூச்சு நீக்கியைத் துணியில் தொட்டு, கறைமேல் மட்டும் ஒற்றி, உடனே ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பூசையறையைப் பற்றியும் ஒரு சொல். குத்துவிளக்கைப் பித்தளைத் தாம்பாளத்தின்மேல் வையுங்கள்; வழியும் எண்ணெய் தாம்பாளத்தோடு நிற்கும். சாம்பிராணித் தட்டின் அடியில் ஒரு பீங்கான் ஓடு இருக்கட்டும். கனல் பட்ட இடத்தில் மெலமின் கருகிவிடும். அவ்வடுவைத் துடைத்துப் போக்க இயலாது. ஈரமாவுக் கோலத்தை வெளியே சிமெண்டுத் தரையில் போடலாம்.

செய்யக்கூடாத இரண்டு

இனிச் சொல்லப்போவது தரையைவிட உயிரைப் பற்றியது. ஆகையால் ஊன்றிப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

குளோராக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வெளுப்புத் திரவத்தைக் கழிவறை அமிலத்தோடு கலந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். அதையே அம்மோனியாவோடு கலந்தால் வேறு வகை நச்சுவாயு எழும். தோட்டத்தில் பால் உறையாமலிருக்க அம்மோனியா பயன்படுகின்றது என்பது நமக்குத் தெரியும். மூடிய அறையில் இக்கலவைகள் நுரையீரலை எரித்துவிடக்கூடியவை. இரண்டு திரவம் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று எண்ணி வாளியில் கலப்போர் எவராயினும் தடுத்து நிறுத்துங்கள். லேமினேட் தரைக்கு இவற்றுள் ஒன்றுகூடத் தேவையில்லை.

பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறை போகும் என்று சிலர் அதைக் குடிபானப் போத்தலில் ஊற்றி வீட்டிற்குக் கொண்டு வருவதுண்டு. அது தண்ணீர்போல் நிறமற்றது. குழந்தை தாகத்தில் எடுத்துக் குடித்தால் தொண்டையும் குடலும் வெந்துவிடும். கேரளத்தின் ரப்பர் வட்டாரங்களில் இவ்வமிலத்தால் நேர்ந்த நச்சு நிகழ்வுகளை மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆலையின் பொருள் ஆலையிலேயே இருக்கட்டும்.

ரப்பர் விரிப்பும் வினைல் பாயும்

எல்லா வீட்டிலும் லேமினேட் இல்லை. ‘திக்கார் கெத்தா’ எனப்படும் சுருள்பாயைக் கடையில் வாங்கி விரித்துள்ள வீடுகளும் மிகுதி. மலாய்ச் சொல்லுக்கு ரப்பர்ப் பாய் என்பது பொருள். ஆனால் இன்று விற்கப்படும் அவ்விரிப்பு பெரும்பாலும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கே. இதன்மேல் தண்ணீர் பட்டால் கெடுதியில்லை. ஆனால் பாயின் அடியில் தண்ணீர் புகுந்தால் பூசணம் பிடித்து நாற்றமெடுக்கும். ஆகையால் மாதத்திற்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் சுருட்டிக் காயவிட வேண்டும்.

அடிப்பகுதியில் ரப்பர் பூசிய மிதியடிகளை வினைல்மேல் போடுவது பெருந்தவறு. ரப்பர் விரைவில் வெடித்துக் கெடாமலிருக்க அதில் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மெல்ல வினைலுக்குள் இறங்கி, வெளிச்சம் பட்டதும் பழுப்பு மஞ்சளாக மாறிவிடும். அக்கறை மேலே படிந்ததன்று, உள்ளே ஊறியது. எந்தச் சோப்பும் அதை எடுக்காது. லேமினேட் தரையிலும் ரப்பர் அடி மிதியடிகளைத் தவிர்க்குமாறே தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். அவற்றின் கீழே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். ரப்பரால் வாழ்ந்த நாம் ரப்பர் மிதியடியை வேண்டாமென்பது வேடிக்கைதான்! துணியாலோ தேங்காய் நாராலோ செய்த மிதியடியை, வாரம் ஒருமுறை உதறி, இடம் மாற்றிப் போடலாம். நாற்காலிக் கால்களுக்கும் ரப்பர்க் குமிழைவிடக் கம்பளித் துண்டே நல்லது.

மழை, ஒழுக்கு, கரையான்

நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அந்த ஈரத்திற்கேற்ப இழைப்பலகை சற்றே விரியும், சற்றே சுருங்கும். இதற்காகத்தான் பதிப்பவர்கள் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே பட்டை அடித்து மறைப்பார்கள். அவ்விடைவெளியைச் சிமெண்டாலோ வேறொன்றாலோ அடைத்துவிட்டால், விரிய இடமின்றிக் கூடத்தின் நடுவே தரை கூரைபோல் எழும்பும். பதிக்கும் முன்னர்ப் பெட்டிகளை இரண்டு நாள்கள் அதே அறையில் வைத்திருக்க வேண்டும் என்பதும், சிமெண்டின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தே பதிக்க வேண்டும் என்பதும் இதன்பொருட்டே. வேலைக்கு வருபவர் அவசரப்பட்டால் இவ்விரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்வது வீட்டுக்காரரின் உரிமை. சமையற்கட்டிலும் குளியலறை வாசலிலும் லேமினேட் பதிக்காமல் ஓடு பதிப்பதே அறிவுடைமை.

ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பேராக்கின் மேற்குப் பகுதியில் மாலை மழை கடுமையாக இருக்கும். அம்மாதங்களுக்கு முன்பே கூரையையும் சன்னல் ஓரங்களையும் பார்த்துவிடுங்கள். தோட்ட வீட்டில் கூரை ஒழுகினால் அதைச் சீர்செய்யும் கடமை நிர்வாகத்தைச் சார்ந்தது. தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்து 1966இலும், பின்னர் 1990இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சொந்த வீட்டிலோ நிர்வாகமும் நாமே, கங்காணியும் நாமே. சன்னல் வழியே சாரல் அடித்துவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அரைமணி நேரத் தாமதத்திற்கும் ஓர் இரவுத் தாமதத்திற்கும் உள்ள வேறுபாடு, ஒரு துணிக்கும் ஒரு பெட்டிப் பலகைக்கும் உள்ள வேறுபாடாகும்.

கரையானைத் தோட்டத்தார்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளிர்நிறக் கரையான் வகை ஒன்று உயிருள்ள ரப்பர் மரத்தையே அடியில் அரித்து வீழ்த்துவதைக் கண்டிருப்பீர்கள். வீடுகளைத் தாக்குவது பெரும்பாலும் அதற்கு நெருங்கிய இனமே. அதற்கு இழைப்பலகை நல்ல உணவு. மேற்படலத்தை விட்டுவிட்டு உள்ளே தின்றுகொண்டே போகும். மேலே ஒன்றும் தெரியாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, சுவரோரப் பலகைகளை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஓசை வந்தாலோ, சுவரில் பென்சில் கனத்திற்கு மண்குழாய் ஓடினாலோ, பூச்சித் தடுப்புத் தொழிலாளரை அழைக்க வேண்டிய நேரம் அது. தானே மருந்து வாங்கிப் படுக்கையறையில் தெளித்தல் நன்றன்று.

கெட்டுவிட்டால்

சிறு கீறலை மறைக்கக் கடையில் தரையின் நிறத்திலேயே மெழுகுப் பென்சில் கிடைக்கின்றது. ஓரம் உப்பிய பலகையைத் தேய்த்துச் சமப்படுத்த முயல வேண்டாம். தேய்த்தால் படலமும் அச்சுத் தாளும் போய், இழை வெளியே தெரியும். அடுத்த முறை பிழிந்த துணியின் ஈரமே அதற்குப் போதுமாகிவிடும். அப்பலகையை மாற்றுவதுதான் வழி. சுவரோரப் பட்டையைக் கழற்றி, அந்த ஓரத்திலிருந்து பலகைகளை வரிசையாக அவிழ்த்துக்கொண்டு வந்து, கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, மறுபடியும் பூட்டலாம். பூட்டுமுறையில் பதித்த தரைக்கே இது இயலும்.

வெள்ளநீர் வீட்டிற்குள் புகுந்துவிட்டால் தரையைக் காப்பாற்ற முனைந்து காலத்தை வீணாக்காதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். நீர் வடிந்தபின் பலகைகளைக் கழற்றி வெளியே போட்டு, அடியிலுள்ள சிமெண்டு பல நாள்கள் நன்றாக உலர்ந்த பின்னரே வேறு தரையைப் பற்றி எண்ண வேண்டும். கழற்றும் முன் நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டால் உதவிநிதிக்கோ காப்புறுதிக்கோ விண்ணப்பிக்கும்போது சான்றாகும்.

மாற்றுப் பலகைக்கு எங்கே போவது? ஒரே பெயரில் விற்கும் பலகையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறமும் பூட்டும் மாறிவிடும். எனவே பதிக்கும் நாளிலேயே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, பெயரையும் எண்ணையும் அதன்மேல் எழுதி, அலமாரியின் மேல் படுக்கவைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளைந்துவிடும். நான் முன்பு குறிப்பிட்ட வீட்டில் அவ்வாறு ஒரு பெட்டி மீந்திருந்தது. கதவோரம் உப்பியிருந்த ஆறு பலகைகளை மகனே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டார். கழற்றிய பலகை ஒன்றைத் தாயார் கையில் வாங்கி, உடைந்த ஓரத்தைக் கிள்ளி, இழையை விரலில் தேய்த்துப் பார்த்து, “நம்ம பால்மரமா இது?” என்று கேட்டாராம். இப்பொழுது வியாழக்கிழமை மாலையில் துணியைப் பிழிவது அவர் பொறுப்பு. மருமகள் பிழிந்தால் ஈரம் போதாத அளவு போவதில்லை என்று அவர் குறை சொல்வதாகவும் கேள்வி.